சேவல் விந்துப் பாதுகாப்பு

சேவல் விந்துப் பாதுகாப்பு என்பது, சேவலிடமிருந்து சேகரித்த விந்தைக் கருவூட்டும் திறன் கெடாமல் வைத்திருந்து, பின்னர் செயற்கை முறையில் பெட்டைக்கோழிக்குச் செலுத்துவதற்கான முறைகளைக் குறிக்கும். இது இரு வகைப்படும். விந்தை நீர்த்து, குளிரூட்டி, சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை வைத்திருப்பது குறுகிய காலப் பாதுகாப்பு. திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பல ஆண்டுகள் வைத்திருப்பது நீண்ட காலப் பாதுகாப்பு. உறைந்த நிலையில் வைக்கப்படும் விந்து உறைவிந்து எனப்படுகிறது.

கிளிசரால் என்னும் பொருளின் துணையால் உறையவைத்து மீண்டும் இயங்கச் செய்யப்பட்ட முதல் விந்தணுக்கள் சேவலுடையவை. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பால் பெரும்பயன் பெற்றது மாட்டினமே. இன்று உறைவிந்து மூலம் பசுவுக்குச் சினை ஊசி போடுவது சிற்றூர்களிலும் நடக்கிறது. கோழியிலோ உறைவிந்து பெரும்பாலும் ஆய்வகங்களிலும் மரபு வள வங்கிகளிலுமே பயன்படுகிறது. இதற்கான காரணங்களையும், நாட்டுக்கோழி இனங்களைக் காப்பதில் இம்முறைக்கு உள்ள பயனையும் வரம்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

செயற்கைக் கருவூட்டலின் தேவை

இயற்கைச் சேர்க்கையில் ஏறத்தாழ பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் வேண்டும். தாய்க்கோழிகளைக் கூண்டுகளில் வளர்க்கும் பண்ணைகளில் சேவலும் பெட்டையும் ஒன்றுசேர வழியில்லை. ஆகவே அங்கே செயற்கைக் கருவூட்டல் இன்றியமையாதது. இந்தியாவில் கூண்டு முறையில் வளர்க்கப்படும் தாய்க்கோழி மந்தைகளில் இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது. மார்புச் சதைக்காகவே தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட வான்கோழி இனங்களில் ஆண் பறவை மிகக் கனமாகிவிட்டதால், இயற்கைச் சேர்க்கை ஏறக்குறைய நடப்பதே இல்லை. அவை முழுவதும் செயற்கைக் கருவூட்டலையே நம்பியுள்ளன.

இனப்பெருக்க ஆய்வுக்கும் இம்முறை உதவுகிறது. எந்தச் சேவலின் குஞ்சு எது என்று ஐயமின்றிக் குறித்துவைக்கலாம். சிறந்த சேவல் ஒன்றின் வழித்தோன்றல்களை அதிகமாகப் பெறலாம். விந்தைப் பாதுகாக்கவும் முடிந்தால், சேவல் ஓரிடத்திலும் பெட்டை வேறிடத்திலும் இருக்கலாம். சேவல் இறந்த பிறகும் அதன் குஞ்சுகளைப் பெறலாம்.

பெட்டைக்கோழியின் உடலில் இயற்கைச் சேமிப்பு

வீட்டில் கோழி வளர்ப்போருக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். சேவலை விற்றுவிட்ட பிறகும், அடுத்த சில நாள்களில் இட்ட முட்டைகளை அடைவைத்தால் குஞ்சு பொரிக்கும். அதற்குப் பின் இட்டவை கூமுட்டைகளாகிவிடும். இதற்குக் காரணம் பெட்டையின் உடலிலேயே விந்தணுக்களைச் சேமிக்கும் அமைப்பு இருப்பதுதான்.

பெட்டைக்கோழிக்கு இடப்பக்க அண்டக்குழாய் மட்டுமே வளர்ச்சியடைந்திருக்கும். அக்குழாயில் கருப்பையும் புணர்புழையும் சந்திக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழல்கள் ஏராளமாக உள்ளன. இவை விந்துச் சேமிப்புக் குழல்கள் எனப்படுகின்றன. உட்செல்லும் விந்தணுக்களில் நூற்றில் ஒன்றிரண்டே இக்குழல்களை அடைகின்றன. நலமாகவும் விரைவாகவும் நீந்தும் அணுக்களே அங்கு நுழைய முடியும். மற்றவை வெளியேற்றப்படுகின்றன.

குழல்களில் தங்கிய அணுக்கள் சிறிது சிறிதாக வெளிவந்து அண்டக்குழாயின் மேல்முனையை அடைகின்றன. சூலகத்திலிருந்து மஞ்சள் கரு விடுபட்டதும், புனல் போன்ற அம்முனை அதை ஏந்திக்கொள்கிறது. அடுத்த கால் மணி நேரத்துக்குள் கருவுறுதல் நடந்துவிட வேண்டும். அதன் பின் வெண்கரு சூழத் தொடங்கிவிடும். விந்தணு உள்ளே போக முடியாது. கோழி ஏறத்தாழ நாளுக்கொரு முட்டை இடுவதால், ஒவ்வொரு நாளும் அந்தக் கால் மணி நேரத்தில் அங்கே விந்தணுக்கள் இருந்தாக வேண்டும். இச்சேமிப்பினால் கோழியில் ஒருமுறை செலுத்திய விந்து இரண்டு முதல் மூன்று வாரங்கள் வரை கருவுற்ற முட்டைகளைத் தரக்கூடும். வான்கோழியில் இக்காலம் இன்னும் நீண்டது.

பாதுகாக்கப்பட்ட விந்து சந்திக்க வேண்டிய உண்மையான தேர்வு இதுவே. நுண்ணோக்கியின் கீழ் அணுக்கள் அசைவது மட்டும் போதாது. அவை சேமிப்புக் குழல்கள் வரை நீந்திச் சென்று, அங்கே பல நாள்கள் உயிருடன் இருக்கவும் வேண்டும்.

சேவல் விந்தின் இயல்புகள்

சேவலின் விரைகள் உடலுக்கு உள்ளே, ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருந்தவாறே விந்தணுக்களை உண்டாக்குகின்றன. பாலூட்டிகளில் விந்துக்கு நீர்மம் சேர்க்கும் புராஸ்டேட் போன்ற துணைச் சுரப்பிகள் சேவலுக்கு இல்லை. எனவே விந்தின் அளவு குறைவு. அடர்த்தி மிக அதிகம். ஒருமுறைக்குப் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிலிட்டர் வரை கிடைக்கும். ஒரு மில்லிலிட்டரில் 300 முதல் 700 கோடி வரை விந்தணுக்கள் இருக்கும். காளையின் விந்தில் இது ஏறத்தாழ 100 கோடிதான்.

சேவலின் விந்தணு நூல் போன்றது. அதன் மொத்த நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தலை, காளை விந்தணுவின் தலையைப் போலத் தட்டையாக இராமல், சற்றே வளைந்த மெல்லிய உருளையாக இருக்கும். அதில் உயிரணுச் சாறு மிகக் குறைவு. மேற்சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் அதிகம். நீண்ட வாலும் மெல்லிய உடலும் குளிரூட்டும்போதும் உருக்கும்போதும் எளிதில் சேதமடைகின்றன.

நீர்க்காத விந்தை அறை வெப்பத்தில் வைத்தால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே கருவூட்டும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். மிக நெருக்கமாக இருக்கும் அணுக்கள் ஆக்சிஜனையும் ஊட்டப் பொருளையும் விரைவில் செலவழித்து, கழிவுகளால் தம் சூழலைத் தாமே கெடுத்துக்கொள்கின்றன.

விந்து சேகரித்தல்

இன்று எங்கும் பின்பற்றப்படுவது வயிற்றுப்பகுதியை நீவிச் சேகரிக்கும் முறை. இதை அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த பர்ரோஸ், குவின் ஆகிய இருவரும் 1930களில் வகுத்தனர். அவர்கள் 1937-இல் வெளியிட்ட விளக்கமே இன்றைய நடைமுறைக்கும் அடிப்படை.

சேவல்களைச் சேகரிப்புக்குச் சில நாள்கள் முன்பே பெட்டைகளிடமிருந்து பிரித்துத் தனித்தனியே வைக்க வேண்டும். எச்சம் கலவாமலிருக்க, சேகரிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு தீவனத்தை நிறுத்துவர். ஒருவர் சேவலின் கால்களைப் பற்றி அணைத்துப் பிடித்துக்கொள்வார். மற்றவர் முதுகிலிருந்து வால் நோக்கி விரைவாகவும் உறுதியாகவும் சில முறை நீவுவார். வால் மேலே தூக்கி, எச்சத்துளையில் உறுப்பு புடைத்து வெளித்தெரியும். அப்போது கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அதன் இருபுறமும் மெல்ல அழுத்தினால் விந்து வெளிவரும். அதைச் சிறு கண்ணாடிக் குடுவையிலோ புனலிலோ ஏந்திக்கொள்ள வேண்டும்.

புதிய சேவல்கள் பழகச் சில நாள்கள் ஆகும். முரட்டுத்தனமாகப் பிடித்தால் சேவல் மிரண்டுவிடும்; விந்தில் எச்சமும் வெள்ளை உப்பும் கலந்து வரும். தேவைக்கு மேல் அழுத்தினால் நீர் போன்ற தெளிந்த திரவமும், சில சமயம் இரத்தமும் கலக்கும். இவ்வாறு கெட்ட விந்தைப் பாதுகாக்க இயலாது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள் சேகரிப்பது வழக்கம்.

விந்தை மதிப்பிடுதல்

நல்ல விந்து பாலேடு போல வெண்மையாகவும் கெட்டியாகவும் இருக்கும். நீர்த்தது, மஞ்சளானது, பச்சை அல்லது சிவப்புச் சாயல் கொண்டது ஆகியவை ஒதுக்கப்படும். பின்னர் கீழ்க்கண்டவை பார்க்கப்படுகின்றன.

அளவு: அளவிட்ட குழாயில் உறிஞ்சிப் பார்க்கப்படும்.

அடர்த்தி: நுண்ணோக்கியில் எண்ணியோ, ஒளி ஊடுருவும் அளவைக் கொண்டு கருவி மூலமோ கணக்கிடப்படும்.

அசைவு: நல்ல விந்துத் துளி நுண்ணோக்கியில் சுழலும் அலைபோலத் தெரியும்.

உயிருள்ளவை, இறந்தவை: இயோசின், நிக்ரோசின் சாயங்களைக் கலந்தால் இறந்த அணுக்கள் நிறம் ஏற்கும், உயிருள்ளவை வெண்மையாகவே இருக்கும்.

வடிவக் குறைகள்: வளைந்த கழுத்து, வீங்கிய தலை, ஒடிந்த வால் ஆகியவற்றின் விழுக்காடு கணக்கிடப்படும்.

ஆயினும் இறுதிச் சான்று முட்டையே. அடைவைத்த ஏழாம் நாள் அளவில் முட்டையை விளக்கொளியில் பார்த்தால், கரு வளரும் முட்டையில் சிலந்திவலை போல இரத்தக் குழாய்கள் தெரியும். ஒன்றும் தெரியாத முட்டைகளையும் உடைத்துப் பார்ப்பது நல்லது. கருவே கூடாததும், கரு கூடித் தொடக்கத்திலேயே இறந்ததும் ஒளியில் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். முன்னது விந்தின் குறையையும், பின்னது பெரும்பாலும் வேறு குறைகளையும் காட்டுவதால், இரண்டையும் பிரித்தறிவது முக்கியம்.

குறுகிய காலப் பாதுகாப்பு

விந்தைச் சேகரித்த சில நிமிடங்களில், அதே வெப்பநிலையில் உள்ள நீர்ப்புக் கரைசலுடன் கலக்க வேண்டும். வெறும் உப்புநீரில் கலந்தாலும் உடனடிப் பயன்பாட்டுக்குப் போதும். பல மணி நேரம் வைத்திருக்க வேண்டுமானால் சிறப்புக் கரைசல் தேவை. சேவலின் விந்து நீர்மத்தில் குளூட்டமிக் அமிலம் மிகுதியாக இருப்பதால், இத்தகைய கரைசல்களில் சோடியம் குளூட்டமேட் முக்கிய இடம் பெறுகிறது. ஆற்றலுக்கு ஃபிரக்டோஸ் அல்லது குளுக்கோஸ், அமில காரச் சமநிலைக்குப் பாஸ்பேட் போன்ற உப்புகள் ஆகியவையும் சேர்க்கப்படும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பணியாற்றிய லேக் உருவாக்கிய கரைசல்களும், அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் செக்ஸ்டன் 1970களில் உருவாக்கிய பெல்ட்ஸ்வில் கரைசலும் பெயர் பெற்றவை.

நீர்த்த விந்தைப் படிப்படியாகக் குளிர்வித்து, 2 முதல் 5 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைப்பர். குளிரில் அணுக்களின் செயல்பாடு மந்தமாகி, ஆற்றல் செலவு குறையும். ஆனால் அவற்றுக்கு ஆக்சிஜன் அப்போதும் தேவை. எனவே குழாயை நிரப்பி மூடிவிடாமல், அகன்ற கலத்தில் மெல்லிய படலமாக வைத்து, மெதுவாக ஆட்டிக்கொண்டே இருப்பர். வான்கோழி விந்துக்கு இது மிகவும் இன்றியமையாதது. இவ்வாறு செய்தால் 24 மணி நேரம் வரை பயனுள்ள நிலையில் வைத்திருக்கலாம். அதற்குப் பின் திறன் விரைவாகச் சரியும். சேவல் ஓர் ஊரிலும் பெட்டைகள் அண்டை மாவட்டத்திலும் இருந்தால், குளிர்ப்பெட்டியில் கொண்டுசெல்ல இந்தக் கால அளவே போதுமானது.

பல சேவல்களின் விந்தைக் கலந்து பயன்படுத்தும்போது நோய் ஒன்றிலிருந்து பலவற்றுக்குப் பரவும் ஆபத்து உண்டு. ஆகவே சேவல்களின் உடல்நலச் சோதனையும், கருவிகளின் தூய்மையும் முதன்மையானவை. கரைசலில் பாக்டீரியா எதிர்ப்பு மருந்து சேர்ப்பது தூய்மைக்கு ஈடாகாது.

கருவூட்டும் முறை

ஓடு முற்றிய முட்டை வயிற்றில் இருக்கும்போது விந்து செலுத்தினால் கருவுறும் வீதம் குறைகிறது. பெரும்பாலான கோழிகள் முற்பகலில் முட்டையிட்டுவிடுவதால், பிற்பகலே இதற்கு ஏற்ற நேரம். பெட்டையின் வயிற்றின் இடப்புறம் மெல்ல அழுத்தினால் அண்டக்குழாயின் வாய் வெளித்தள்ளும். மெல்லிய குழாயை 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை உட்செலுத்தி, வயிற்றின் மீதுள்ள அழுத்தத்தைத் தளர்த்திக்கொண்டே விந்தைச் செலுத்த வேண்டும். அழுத்தத்தைத் தளர்த்தாவிட்டால் விந்து வெளியே வந்துவிடும். ஒவ்வொரு கோழிக்கும் புதிய குழாயைப் பயன்படுத்த வேண்டும்.

புதிய விந்தாயின் ஒருமுறைக்கு 10 முதல் 20 கோடி விந்தணுக்கள் போதும். வாரத்துக்கு ஒருமுறை செலுத்தினால் முட்டைகள் தொடர்ந்து கருவுறும். தொடங்கும்போது மட்டும் அடுத்தடுத்த இரு நாள்கள் செலுத்துவதுண்டு.

உறைவிந்தின் வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின், இலண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில், கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகியோர் விந்தணுக்களை உறையவைக்க முயன்றனர். பழச்சர்க்கரைக் கரைசலில் சேவல் விந்தைக் கலந்து உறையவைத்த முதல் முயற்சிகள் பயன் தரவில்லை. கரைசல் புட்டிகளைக் குளிரறையில் வைத்துவிட்டு வேலையை நிறுத்தினர்.

சில மாதங்கள் கழித்து அதே புட்டியிலிருந்து கரைசல் எடுத்து மீண்டும் முயன்றபோது, உருக்கிய சேவல் விந்தணுக்கள் நன்றாக நீந்தின. ஆனால் புதிதாகத் தயாரித்த சர்க்கரைக் கரைசலில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. புட்டியில் எஞ்சியிருந்த சிறிதளவை வேதியியல் சோதனைக்கு அனுப்பியபோது, அதில் சர்க்கரையே இல்லை என்று தெரிந்தது. இருந்தவை கிளிசராலும் புரதமும் நீரும்தான். நுண்ணோக்கித் தகடுகளில் திசுக்களை ஒட்டுவதற்குப் பயன்படும் வெண்கருக் கலவையின் கூறுகள் அவை. குளிரறையில் புட்டிகளின் பெயர்ச்சீட்டு மாறியிருக்க வேண்டும்.

தவறு நேர்ந்ததோடு கதை முடிந்திருந்தால் உலகுக்குப் பயனில்லை. எதிர்பாராத பலன் கிடைத்ததும் அதைத் தற்செயல் என்று ஒதுக்காமல், புட்டியில் இருந்தது என்ன என்று அவர்கள் சோதித்ததே கண்டுபிடிப்பாயிற்று. 1949-இல் 'நேச்சர்' இதழில் இம்முடிவு வெளியானது. உலர்பனிக் கட்டியின் வெப்பநிலையான −79 பாகை செல்சியசில் வைக்கப்பட்ட சேவல் விந்தணுக்கள் மீண்டும் இயங்கின. நீர் பனிப்படிகமாகும்போது அணுவுக்கு நேரும் சேதத்தைக் கிளிசரால் குறைக்கிறது. இத்தகைய பொருள்கள் உறைகாப்பான்கள் எனப்படுகின்றன. 1950களின் தொடக்கத்திலேயே உறைவிந்தின் மூலம் மாட்டுக் கன்றுகள் பிறந்தன. உலகெங்கும் கால்நடை வளர்ப்பின் முகம் மாறியது.

கிளிசராலின் முரண்

சேவல் விந்தணுவைக் காத்த கிளிசரால், பெட்டைக்கோழியின் உடலில் நேர்மாறாக வேலை செய்தது. உருக்கிய அணுக்கள் குடுவையில் நன்றாக நீந்தின. ஆனால் அவற்றைக் கோழிக்குச் செலுத்தினால் முட்டைகள் கருவுறவில்லை. விந்தில் மிகச் சிறிய அளவில் கிளிசரால் எஞ்சியிருந்தாலும் கோழியில் அது கருத்தடைப் பொருளாகவே செயல்படுகிறது. பசுவின் உடலில் இச்சிக்கல் இல்லை.

ஆகவே உருக்கிய பின் கிளிசராலை நீக்க வேண்டியிருந்தது. போல்ஜ் அவ்வாறு நீக்கிய விந்தைச் செலுத்தி, குஞ்சுகள் பொரித்ததை 1951-இல் அறிவித்தார். நீக்கும் வேலையும் எளிதன்று. அணுக்குள் புகுந்த கிளிசரால் வெளியேறும் முன் வெளியிலிருந்து நீர் விரைந்து உட்புகுந்தால் அணு உப்பி வெடித்துவிடும். எனவே குளிர்நிலையிலேயே நீர்ப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மைய விலக்குக் கருவியில் சுழற்றி, அடியில் தங்கும் அணுக்களை எடுத்துப் புதிய கரைசலில் கலக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் சில அணுக்கள் இழக்கப்படும். கூண்டுகளுக்கு நடுவே நின்று செய்யக்கூடிய வேலையல்ல இது.

உறையவைக்கும் முறைகள்

கிளிசரால் முறையில், குளிர்வித்த விந்தில் ஏறத்தாழ 11 விழுக்காடு கிளிசரால் இருக்குமாறு சேர்த்து, உறைவிந்துக் குச்சிகளில் நிரப்புவர். பின் கட்டுப்படுத்திய வேகத்தில் குளிர்வித்து, −196 பாகை செல்சியசில் உள்ள திரவ நைட்ரஜனில் அமிழ்த்துவர். பயன்படுத்தும்போது ஏறத்தாழ 5 பாகை நீரில் உருக்கி, மேலே கூறியவாறு கிளிசராலை நீக்குவர்.

டைமெத்தில் அசெட்டமைடு முறையில், 6 விழுக்காடு அளவில் அப்பொருளைச் சேர்த்த விந்தைத் துளித்துளியாக நேரே திரவ நைட்ரஜனில் விடுவர். துளிகள் சிறு மணிகளாக உறையும். அவற்றை ஏறத்தாழ 60 பாகையில் சில நொடிகளில் உருக்குவர். இதை நீக்காமலேயே கோழிக்குச் செலுத்தலாம் என்பது பெரும் வசதி. ஆனால் சிறு மணிகளில் சேவலின் அடையாளத்தைக் குறிக்க முடியாது. ஒன்றோடொன்று கலக்கும் வாய்ப்பும் உண்டு. எந்தச் சேவலின் விந்து என்பதே முக்கியமான மரபு வள வங்கிக்கு இது பெரிய குறை.

டைமெத்தில் சல்பாக்சைடு, எத்திலீன் கிளைக்கால், மெத்தில் அசெட்டமைடு போன்றவையும் சோதிக்கப்பட்டுள்ளன. எந்த முறையும் எல்லா இனங்களுக்கும் ஒன்றுபோலப் பயன் தருவதில்லை. ஒரே இனத்தில்கூட ஒரு சேவலின் விந்து உறைநிலையைத் தாங்கும், மற்றொன்றினுடையது தாங்காது. கருவுறும் வீதம் ஏறக்குறைய சுழியம் முதல் 90 விழுக்காடு வரை மாறுபடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

ஒரு கணக்கு

காளைக்கும் சேவலுக்கும் உள்ள வேறுபாட்டை எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இங்குள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை.

காளை ஒருமுறை தரும் 5 மில்லிலிட்டர் விந்தில், மில்லிலிட்டருக்கு 100 கோடி வீதம், 500 கோடி அணுக்கள் உள்ளன. ஒரு குச்சிக்கு 2 கோடி எனக் கொண்டால் 250 குச்சிகள் கிடைக்கும். பசு சினையாகிவிட்டால் அடுத்த ஈற்று வரை விந்து தேவையில்லை.

சேவல் ஒருமுறை தரும் 0.4 மில்லிலிட்டர் விந்தில், மில்லிலிட்டருக்கு 400 கோடி வீதம், 160 கோடி அணுக்கள் உள்ளன. புதிய விந்தாயின் 10 கோடி வீதம் 16 பெட்டைகளுக்கு ஒரு வாரத்துக்குப் போதும். அதையே உறையவைத்தால், அணுக்களில் பெரும்பகுதி இறப்பதால் ஒருமுறைக்கு 40 கோடி தேவை எனக் கொள்வோம். நான்கு முறைக்கே வரும். உறைவிந்தின் அணுக்கள் சேமிப்புக் குழல்களில் நெடுநாள் தங்காததால், வாரத்துக்கு இருமுறை செலுத்த வேண்டும். ஆக, இரண்டே பெட்டைகளுக்கு ஒரு வாரம் போதும்.

16 எங்கே, 2 எங்கே? வணிகப் பண்ணைகள் உறைவிந்தைத் தேடிப் போகாததன் காரணம் இக்கணக்கிலேயே உள்ளது. உயிருள்ள சேவலுக்குத் தீவனம் போடுவது அவர்களுக்கு மலிவு.

இனப் பாதுகாப்பில் உறைவிந்து

வணிகத்துக்குப் பயன்படாத முறை, அழியும் நிலையில் உள்ள இனங்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது. மாடு, ஆடு போன்றவற்றில் விந்தோடு கருவையும் உறையவைக்கலாம். பறவையின் முட்டையோ மஞ்சள் கரு நிறைந்த பெரிய உருண்டை. அதைச் சேதமின்றி உறையவைக்க இயலாது. ஆகவே கோழி இனங்களின் மரபு வளத்தைச் சேமிக்க முதலில் கைக்கு எட்டிய வழி விந்தே. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரிலுள்ள தேசிய மரபு வளக் காப்பகத்திலும், பிரான்சு, நெதர்லாந்து நாடுகளின் வங்கிகளிலும் சேவல் விந்து உறைநிலையில் வைக்கப்பட்டுள்ளது.

இதன் தேவையை நோய்கள் உணர்த்துகின்றன. இந்தியாவில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டபோது, சுற்றுவட்டாரத்தில் இலட்சக்கணக்கான கோழிகள் கொல்லப்பட்டன. நோய் பரவும் வட்டத்தில் சிக்கினால் பண்ணைக் கோழியும் வீட்டுக்கோழியும் ஒன்றுபோலவே அழிக்கப்படும். பண்ணைக் கோழிக்குஞ்சுகளை வேறிடத்திலிருந்து மறுபடி வாங்கலாம். சில ஊர்களில் மட்டுமே எஞ்சியுள்ள ஓர் இனத்துக்கு அப்படி நேர்ந்தால் மறுபடி வாங்க இடமில்லை.

விந்து காக்காதவை

உறைவிந்தைக் கொண்டு அழிந்த இனத்தை மீட்க முடியுமா என்ற வினாவுக்கு விடை, 'பெரும்பகுதி முடியும். முழுதும் முடியாது' என்பதே.

இனத்தின் பெட்டைகள் முற்றிலும் அழிந்துவிட்டால், வேறோர் இனப் பெட்டைக்கே விந்தைச் செலுத்த வேண்டும். பிறக்கும் குஞ்சில் பாதி பழைய இனத்தின் மரபுக்கூறு. அக்குஞ்சு வளர்ந்து பெட்டையானதும், அதற்கு மீண்டும் அதே இனத்தின் உறைவிந்தைச் செலுத்தினால் நான்கில் மூன்று பங்கு. இவ்வாறே அடுத்தடுத்த தலைமுறைகளில் எட்டில் ஏழு, பதினாறில் பதினைந்து, முப்பத்திரண்டில் முப்பத்தொன்று என்று பங்கு உயரும். ஐந்தாம் தலைமுறையில் சராசரியாக 97 விழுக்காட்டை நெருங்கலாம். இதற்குப் பல ஆண்டுகளும், ஒவ்வொரு தலைமுறைக்கும் போதிய உறைவிந்தும் தேவை.

ஆனால் எத்தனை தலைமுறை கடந்தாலும் இரண்டு கூறுகள் திரும்ப வாரா. பறவைகளில் சேவலுக்கு இரண்டு இசட் நிறப்புரிகளும், பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ நிறப்புரிகளும் உள்ளன. விந்தணுக்கள் அனைத்திலும் இசட் மட்டுமே இருக்கும். டபிள்யூ நிறப்புரி தாயிடமிருந்து மகளுக்கு மட்டுமே செல்லும். அதுபோலவே, உயிரணுவுக்கு ஆற்றல் தரும் இழைமணிகளின் மரபுப்பொருளும் தாய்வழியே வருவது. எனவே மீட்கப்பட்ட இனத்தில் இவ்விரண்டும் இரவல் தாயின் இனத்துக்கே உரியவையாக இருக்கும்.

மேலும், ஒன்றிரண்டு சேவல்களின் விந்தை மட்டும் சேமித்தால், அவற்றிடம் இல்லாத மரபுக்கூறுகள் இழக்கப்படும். பின்னர் நெருங்கிய உறவுச் சேர்க்கையும் தவிர்க்க முடியாததாகும். ஒன்றுக்கொன்று உறவில்லாத பல சேவல்களிடமிருந்து சேகரிக்க வேண்டும். மந்தை குறைந்து ஒரு சில பறவைகளே எஞ்சிய பிறகு சேகரிக்கத் தொடங்கினால் இது இயலாது.

முதல்நிலைப் பாலணுக்கள்

தாய்வழிக் கூறுகளையும் காக்க ஆய்வாளர்கள் வேறு வழி கண்டுள்ளனர். அடைவைத்த இரண்டு, மூன்று நாள்களில் கருவின் இரத்தத்தில், பிற்காலத்தில் விந்தணுவாகவோ கருமுட்டையாகவோ மாறவிருக்கும் அணுக்கள் சுற்றிவருகின்றன. இவை முதல்நிலைப் பாலணுக்கள் எனப்படும். இவற்றைப் பிரித்து வளர்த்து உறையவைக்கலாம். தேவைப்படும்போது வேறு கோழியின் கருவில் செலுத்தினால், அது வளர்ந்து பழைய இனத்தின் விந்தணுவையோ கருமுட்டையையோ தரும். எடின்பரோவிலுள்ள ரோஸ்லின் நிறுவனம் இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. ஆயினும் இதற்கு உயர்நிலை ஆய்வகமும் பயிற்சி பெற்றோரும் தேவை. விந்து சேகரிப்புக்கு ஒரு நுண்ணோக்கியும், பழகிய இரு கைகளும், திரவ நைட்ரஜன் கலமும் போதும் என்பதால் அதன் இடம் இன்னும் மாறவில்லை.

இந்தியாவில்

அரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளச் செயலகம் இந்தியக் கோழி இனங்களைப் பதிவு செய்கிறது. அசில், மத்தியப் பிரதேசத்தின் கடக்நாத், அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நிக்கோபாரி ஆகியவை பதிவு பெற்ற இனங்களுள் சில. கோழி இனப்பெருக்க ஆய்வு ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகத்திலும், உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனத்திலும் நடைபெறுகிறது. இந்திய இனச் சேவல்களின் விந்தை உறையவைக்கும் முயற்சிகளும் மேற்கொள்ளப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டில் சிறுவிடை, பெருவிடை, கிளிமூக்கு எனப் பல பெயர்களில் வழங்கும் நாட்டுக்கோழிகள் பெரும்பாலும் வீடுகளிலேயே வளர்கின்றன. சந்தையில் நாட்டுக்கோழிக்கு நல்ல விலை கிடைப்பதால் வேற்றினச் சேவல்களுடன் கலந்து பெருக்குவதும் நடக்கிறது. கலப்பு எடையைக் கூட்டலாம். ஆனால் கலந்த பின் சேமிக்கும் விந்து கலப்பின் விந்தே ஆகும்.

முடிவுரை

சேவல் விந்தை ஒரு நாள் வரை காக்கும் முறை, பண்ணையிலும் கையாளத்தக்க அளவுக்கு எளிமையடைந்துள்ளது. பல ஆண்டுகள் காக்கும் முறை 1949 முதல் அறியப்பட்டிருந்தும், கோழியின் உடலமைப்பினால் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. இனப் பாதுகாப்பில் அது ஒரு காப்பு. உயிருள்ள மந்தைக்கு மாற்று அன்று. உறைவிந்துக் குச்சியில் சேவலின் பங்கு மட்டுமே இருக்கிறது. அதன் மறுபாதி, முற்றத்தில் குஞ்சுகளோடு கிளறித் திரியும் பெட்டையிடம் இருக்கிறது. அப்பெட்டை இருக்கும்போதே சேவல்களின் விந்தையும் சேமித்துவைத்தால்தான் ஓர் இனம் முழுமையாகக் காக்கப்பட்டது என்று கூறலாம்.